யூரியா, பூச்சிமருந்து இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தலாமா?

கேள்வி: "மன்னார்குடி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நெல் வயல். யூரியாவும் மருந்தும் இல்லாமல் ஒரு மணி கூட வீட்டுக்கு வராது என்கிறார் அப்பா. இந்தச் சம்பாவோடு இரண்டையும் நிறுத்திவிட வேண்டும் என்கிறேன் நான். வீட்டில் தினமும் இதே சண்டை. உண்மையில் இவற்றால் நன்மை அதிகமா, கெடுதல் அதிகமா?"

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்கிறீர்கள். ஒரே கடையில், ஒரே பில்லில் இரண்டையும் வாங்கி வருவதால் நம் மனதிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உரம் பயிருக்குச் சோறு. மருந்து என்று நாம் சொல்வது விஷம். சோற்றுக்கு அளவு பார்க்க வேண்டும். விஷத்தைத் தொடும் முன்னால் வேறு வழி உண்டா என்று பார்க்க வேண்டும். அதனால் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன். கடைசியில் இரண்டும் ஒரு இடத்தில் சந்திக்கும், நம் வயலின் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

வேளாண் விரிவாக்க வேலையில் இருபத்தெட்டு வருடம் டெல்டா கிராமங்களில் அலைந்தவன் நான். இப்போது சொந்த வயல் மூன்று ஏக்கர் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் அப்பா பக்கத்து நியாயம். சம்பாவில் ஏக்கருக்கு நாற்பது மூட்டை நெல் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய இரண்டரை டன். ஒரு டன் நெல் விளைய பயிர் மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எடுக்கும். ஆக ஒரு போகத்தில் ஏறக்குறைய 40 கிலோ ஏக்கரை விட்டுப் போகிறது. வைக்கோலையும் கட்டி விற்றுவிட்டால் சாம்பல்சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதி அதோடு போய்விடும், ஏனென்றால் அது மணியில் இருப்பதைவிட வைக்கோலில்தான் அதிகம். போனதைத் திருப்பிக் கொடுக்காமல் வருடா வருடம் எடுத்துக்கொண்டே இருக்க எந்த மண்ணாலும் முடியாது.

"மாட்டுச்சாணம் போடுகிறேன்" என்பீர்கள். நல்லது, கட்டாயம் போடுங்கள். ஆனால் கணக்கையும் பாருங்கள். நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். ஏக்கருக்குத் தேவையான 60 கிலோவை அதிலிருந்தே கொடுக்க வேண்டுமானால் 12 டன் வேண்டும். அதிலும் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி மெதுவாகத்தான் கரையும். இரண்டரை ஏக்கருக்கு 30 டன். உங்கள் கொட்டகையில் எத்தனை மாடு நிற்கிறது?

ரசாயன உரம் செய்த காரியத்தை மறுக்க முடியாது. காற்றில் கொட்டிக்கிடக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்க முடியும் என்று ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் 1909இல் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோக, 1913இல் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் சாப்பாடு அந்த வழியில் வந்த தழைச்சத்தை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டையே பாருங்கள். 1950-51இல் ஹெக்டேருக்குக் கிடைத்த அரிசி 668 கிலோ. இன்று 2,800 கிலோ அளவில் நிற்கிறது. நெல் பயிராகும் பரப்பு ஒன்றரை மடங்குதான் கூடியது, அரிசி உற்பத்தி ஆறு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. குட்டை ரகம், பாசனம், உரம் மூன்றும் சேர்ந்து செய்தது இது. மூன்றில் ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் தனியாக நிற்காது. ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்களை உருவாக்கியதே, உரம் போட்டாலும் சாயாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சரி, இப்போது அப்பாவிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி: ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடுகிறீர்கள்?

டெல்டாவில் நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து 50 கிலோ. ஏக்கருக்கு 60, 20, 20 என்று ஆகிறது. அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டால் மணிச்சத்து முழுவதும் வந்துவிடும், கூடவே 9 கிலோ தழைச்சத்தும் வரும். மீதி 51 கிலோவுக்கு யூரியா 110 கிலோ போதும். 45 கிலோ மூட்டையில் இரண்டரை. நான் பார்த்த வயல்களில் நாலு மூட்டை சாதாரணம், ஐந்தும் பார்த்திருக்கிறேன். பொட்டாஷ் மட்டும் பல பேர் போடவே மாட்டார்கள்.

காரணம் விலை. 2010இல் சத்தின் அளவை வைத்து மானியம் கொடுக்கும் முறை வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். டி.ஏ.பி., பொட்டாஷ் விலை ஏறியது, யூரியா அப்படியே நின்றது. ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் ஐம்பது காசு, டி.ஏ.பி. 1,350 ரூபாய் என்றால் கை எதன் பக்கம் போகும்? அதோடு யூரியா போட்ட நாலாம் நாள் வயல் கரும்பச்சையாகிவிடும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பொட்டாஷ் போட்டால் வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தண்டு உறுதியாவதும் மணி கனப்பதும் கடைசியில்தான் தெரியும். அப்பாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? விலை அவருக்குக் காட்டிய வழி அது.

கூடுதலாகப் போடும் யூரியா எங்கே போகிறது? நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பயிருக்குள் போவது மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நூற்றுக்கு நாற்பது. தேங்கிய தண்ணீரில் உச்சி வெயிலில் இறைத்தால் அம்மோனியாவாகக் காற்றோடு போகும். கொஞ்சம் நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்கு இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துப்போகலாம். இன்னும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஏரி குளத்தில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் வயலிலிருந்து வடிகிற சத்து ஒரு காரணம்.

இதெல்லாம் பெரிய பேச்சாகத் தெரிந்தால், உங்கள் வரப்புக்குள்ளேயே நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டும் சந்திக்கும் இடம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதுதான்.

தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழுக்கும், தண்டு மெல்லிசாகும், சாற்றில் பூச்சிக்குப் பிடித்த சத்து ஏறும். இலைச்சுருட்டுப் புழு, குலைநோய், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையான் பூச்சி, எல்லாம் தேடி வரும். நாலாவது மூட்டை யூரியா போடும் நாளிலேயே அடுத்த மாதத்து மருந்துச் செலவு எழுதப்பட்டுவிடுகிறது. நான் இத்தனை வருடத்தில் கற்றதில் முக்கியமானது இதுதான் என்று சொல்வேன்.

புகையானைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வரப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. வயலுக்குள் இறங்கி, தூரைக் கையால் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். எள்ளளவு பழுப்புப் பூச்சிகள் தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். குத்தை லேசாகத் தட்டினால் தண்ணீரில் விழுந்து குறுக்காக ஓடும். அதே தண்ணீரில் எட்டுக்கால் சிலந்தி ஒன்று அதைத் துரத்திப் பிடிப்பதையும் பார்க்கலாம். ஓநாய் சிலந்தி என்பார்கள். கூலி வாங்காமல் ராத்திரி பகலாக வேலை செய்கிற ஆள் அது.

நாம் என்ன செய்கிறோம்? இலையில் நாலு வெள்ளைக் கோடு தெரிந்ததும் நட்ட இருபதாம் நாள் ஒரு அடி அடிக்கிறோம். முதலில் சாவது சிலந்தி. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் குத்தி வைத்திருக்கும், மருந்து அதைத் தொடாது. வாரம் பத்து நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது தின்ன ஆள் இல்லை. அப்புறம் வட்டவட்டமாகப் பயிர் கருகி, தீ வைத்தது போல் ஆகிறது. மறுபடி கடைக்கு ஓட்டம், இன்னும் காரமான மருந்து. பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் புகையான் பெருகும் என்பது வயலில் திரும்பத் திரும்ப நிரூபணமான விஷயம். அதையே புகையானுக்கு எழுதிக்கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

இந்தோனேசியா இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்க வைத்தது, புகையான் தேசத்து நெல்லையே அழிக்கப் பார்த்தது. 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். மானியத்தையும் படிப்படியாக எடுத்துவிட்டு, விவசாயிகளை வயலில் உட்கார வைத்துப் பூச்சியை அடையாளம் காணப் பழக்கினார்கள். விளைச்சல் விழவில்லை.

இப்போது மனிதன் பக்கம். என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம், மழை விட்ட இரண்டு நாள் இடைவெளியில் மருந்து அடிக்கப் போனார். சட்டை இல்லை, இடுப்பில் ஒரு துண்டு மட்டும். முதுகில் டேங்க். அதன் மூடியில் வாஷர் போயிருந்தது, நடக்க நடக்க மருந்துத் தண்ணீர் முதுகில் வழிந்தபடியே இருந்தது. ஆறு டேங்க் முடித்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்குக் கண் மங்கியது, வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது, உடம்பெல்லாம் வேர்வை. காளை வண்டியில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" சித்தியைப் பார்த்தோம், சித்தி எங்களைப் பார்த்தார். ஒரு பையன் சைக்கிளில் திரும்பிப் போய் வாய்க்கால் ஓரத்தில் கிடந்த பாட்டிலைத் தேடி எடுத்து வந்தான். சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில். அட்ரோபின் ஊசி போட்டுப் போட்டுத்தான் பிழைக்க வைத்தார்கள். ஒன்பது நாள். மருந்து வாயால்தான் உள்ளே போகும் என்று நினைத்திருந்தோம், தோல் வழியாகப் போகும் என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த முக்கோணத்தை நீங்கள் கட்டாயம் படிக்கப் பழக வேண்டும். ஒவ்வொரு மருந்து டப்பாவிலும் சாய்சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் சேதி. சிவப்பு கடுமையான விஷம். மஞ்சள் அதற்கடுத்த நிலை. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்தது. வீட்டில் குழந்தை இருந்தால் சிவப்பு, மஞ்சள் இரண்டையும் வாசலுக்குள் விடாதீர்கள். பிஹாரில் 2013இல் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் வருடக்கணக்கில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஆனால் அந்தக் கிராமங்களில் உடல் குறையோடு பிறந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் இன்றும் தூக்கிச் சுமக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பக்கத்து நாடான இலங்கை இதற்கு இரண்டு விதமான பாடம் வைத்திருக்கிறது.

2021இல் அங்கே அரசு ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. மாற்று உரம் தயாராக இல்லை, விவசாயிக்குப் பழகிக்கொள்ள ஒரு போகம் கூடக் கொடுக்கவில்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. தன் அரிசியைத் தானே விளைவித்துக்கொண்டிருந்த நாடு இறக்குமதிக்குக் கையேந்தியது. அதே வருடம் நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், ஆனால் பட்ட அடி பட்டதுதான்.

அதே இலங்கை அதற்கு முன்னால் வேறொன்று செய்திருந்தது. ஊரில் விஷம் குடித்து இறப்பவர்கள் அதிகம், பெரும்பாலும் வயலுக்கு வாங்கி வைத்த மருந்துதான். 1984இல் பாரத்தியான் வகைகள், 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கடும் விஷங்கள், 1998இல் எண்டோசல்பான் என்று ஆளைக் கொல்லும் மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தினார்கள். 1995இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலைச் சாவு 2005இல் 24 ஆனது. விளைச்சல் குறையவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஆள் பிழைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. ஒன்றில் சோற்றைத் திடீரென நிறுத்தினார்கள். இன்னொன்றில் விஷத்தைப் பொறுக்கி எடுத்து வெளியே போட்டார்கள்.

மருந்தே இல்லாமல் ஒரு பூச்சியை ஒழித்த கதை நம் ஊரிலும் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தெரிந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போயின. எத்தனை அடித்தாலும் கேட்கவில்லை, மாவுக்குள் மருந்து இறங்காது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்று விவசாயிகளிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னோம். அந்த ஒரு வேலை செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறையும்.

சரி, இந்தச் சம்பாவுக்கு என்ன செய்யலாம்? மண் மாதிரியிலிருந்து தொடங்குங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் தவிர்த்து பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து போல அரை அடி ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணைக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாக்கி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து நாற்றங்கால் விடுகிற நேரத்திலேயே நடவு வயலில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்துவிடுங்கள். நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 கிலோ தழைச்சத்து அளவுக்கு மண்ணிலேயே கிடைக்கும். ஒரு மூட்டை யூரியாவுக்கு மேல் மிச்சம். மீதி யூரியாவை ஒரே தடவை கொட்டாமல் மூன்று நாலு தடவையாகப் பிரித்து, தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். ஐந்து பங்கு யூரியாவுக்கு நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போட்டால் இன்னும் நின்று கிடைக்கும்.

எப்போது போடுவது என்பதற்கு, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு நாள், காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், உங்கள் உடம்பின் நிழலில் வைத்து, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலையில் ஆறு இலை நாலாம் எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் யூரியா, இல்லாவிட்டால் மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் மூன்றாம் எண்.

மருந்து விஷயத்தில் அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கு வாங்குங்கள்: நட்ட நாற்பது நாளைக்கு இலை தின்னும் புழுவுக்கு அடிப்பதில்லை. இளம் பயிர் போன இலையை ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் லட்சக்கணக்கான விவசாயிகள் 1990களில் இப்படி விட்டுப் பார்த்து மருந்துச் செலவைக் குறைத்தார்கள். நடும்போது எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள், காற்றும் வெயிலும் தூருக்குள் இறங்கினால் புகையானுக்குப் பிடிக்காது. வாரம் ஒரு தடவை இறங்கி எண்ணுங்கள். தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் வரை பொறுக்கலாம். குத்துக்கு (சேர்ந்து நிற்கும் தூர்களுக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரைக்கும். தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள், அப்புறம் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ கொட்டையை இடித்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தூரில் படும்படி அடியுங்கள். அதற்கும் அடங்காமல் வட்டம் விழ ஆரம்பித்தால் மருந்து அடிக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் கொள்கை பேசிக்கொண்டு நாற்பது மூட்டையைப் பறிகொடுக்கச் சொல்ல மாட்டேன். புகையானுக்கென்று பரிந்துரைத்த ஒரே மருந்து, சொன்ன அளவு, கலவை வேண்டாம், முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடை. டேங்க் மூடியின் வாஷரை முந்தின நாளே பாருங்கள். பாட்டிலை வீட்டில் எல்லோருக்கும் காட்டிப் பெயரைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் முழு இயற்கை விவசாயம் என்ற உங்கள் ஆசை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா சொன்ன உயிருள்ள மண் என்பது நிஜம், நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குக் குட்டை ரகத்தை வைத்துக்கொண்டு உரத்தை மட்டும் நிறுத்தினால் நடக்காது. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி மாதிரி குறைந்த சத்தில் விளையும் ரகம் வேண்டும், மண் தேற மூன்று நாலு வருடம் வேண்டும், குறையும் விளைச்சலுக்கு ஈடாக நல்ல விலை கொடுத்து வாங்கும் ஆள் வேண்டும். இரண்டரை ஏக்கரில் அரை ஏக்கரை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதி இரண்டு ஏக்கரில் அவர் யூரியாவை ஏக்கருக்கு இரண்டரை மூட்டைக்குள் வைக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு உரம், மருந்து, கூலி, கண்ட மூட்டை எல்லாம் எழுதுங்கள். தை அறுப்பு முடிந்ததும் இரண்டு நோட்டையும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.